பிங்... பாங்... நடுவுல காணாமப்போன நேரம்!

ஃபைனல் இயர் மக்களே, சும்மா ஒரு கற்பனை. நாலு பேர் புராஜெக்ட் டீம். டிபார்ட்மென்ட் லேப் மூலையில் தூசி படிந்து கிடக்கும் எட்டு கம்ப்யூட்டர்களைப் பார்த்ததும் உங்களுக்குப் பொறி தட்டுகிறது. எட்டையும் ஒரு ஸ்விட்ச்சில் மாட்டி, லினக்ஸ் போட்டு, 'கிளஸ்டர்' ஆக்கிவிட்டால்? ஒரு மெஷினில் எட்டு நிமிஷம் ஓடுகிற புரோகிராம், எட்டு மெஷினில் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும். எச்.ஓ.டி. அசந்துபோவார். கேம்பஸ் இன்டர்வியூவில் அள்ளிவிட ஒரு கதையும் ரெடி!

ஓட்டிப் பார்க்கிறீர்கள். ஒன்பது நிமிஷம்.

ஆமாங்க... ஒரு மெஷின் தனியா செஞ்ச வேலையை, எட்டு மெஷின் சேர்ந்து இன்னும் மெதுவா செஞ்சிருக்கு! இந்த இடத்தில் டீம் இரண்டு கோஷ்டியாகப் பிரியும். 'கோடிங்ல ஏதோ சொதப்பல்' என்று ஒரு கோஷ்டி. 'நெட்வொர்க் வேஸ்ட்டுடா, புது கார்டு வாங்கணும்' என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு கோஷ்டிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. யாருமே அளந்து பார்க்கவில்லை!

அளந்து பார்த்தால் என்ன தெரியும்? வாங்க, பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1994-ல் அமெரிக்காவில் நாசாவின் கோடார்ட் விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இரண்டு பேர், கடையில் கிடைக்கும் சாதாரண பாகங்களை வைத்து ஒரு கம்ப்யூட்டர் கூட்டணி அமைத்தார்கள். 16 டிஎக்ஸ்-4 பிராசஸர்கள், லினக்ஸ், 10 மெகாபிட் ஈதர்நெட். அதற்கு வைத்த பெயர் 'பேயோவுல்ஃப்'. கோடிக்கணக்கில் கொட்டி சூப்பர் கம்ப்யூட்டர் வாங்க முடியாத கல்லூரிகளுக்கெல்லாம் அதுதான் வழிகாட்டி ஆனது. அதில் ஒரு சுவாரஸ்யம் என்னவென்றால், பிராசஸர்களின் வேகத்துக்கு ஒரு ஈதர்நெட் போதவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட ஈதர்நெட்டுகளைச் சேர்த்துக் கட்டி ஒன்றாக ஓட்டுவதற்கு பெக்கர் டிரைவர் எழுத வேண்டியிருந்தது. அதாவது பொறந்த அன்னிக்கே, கிளஸ்டருக்கு 'பேச்சு'தான் பிரச்னை!

அதே 1994-ல்தான் எம்.பி.ஐ. என்ற பொது விதிமுறையும் வந்தது. ஒரு மெஷினில் ஓடும் புரோகிராம், இன்னொரு மெஷினில் ஓடும் புரோகிராமுக்கு மெசேஜ் அனுப்புவது எப்படி, வாங்குவது எப்படி என்ற இலக்கணம். இன்றைக்கும் உலகத்தின் பெரிய பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்கள் அதைத்தான் பேசுகின்றன. உங்கள் லேப் மூலை கிளஸ்டரும் அதையேதான் பேசும்.

சரி, எதுக்கு இந்த மெஷின்கள் பேசிக்கணும்? வானிலை கணக்கையே எடுத்துக்குங்க. வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டீர்கள். உங்கள் துண்டின் ஓரத்தில் அடுத்த நொடி வெப்பம் எவ்வளவு இருக்கும் என்பது, பக்கத்துத் துண்டுக்காரரின் ஓரத்தில் இப்போது எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடதுபக்க ஆளிடம் கேட்கணும், வலதுபக்க ஆளிடம் கேட்கணும். அவங்க சொல்றவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கணும்.

இப்போ அந்த ஒன்பது நிமிஷத்தைப் பிரித்து மேய்வோம். உங்கள் புரோகிராம் மொத்தம் 30 லட்சம் சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெஷினில் 8 நிமிஷம், அதாவது 480 விநாடி. சுற்றுக்கு 160 மைக்ரோ செகண்ட். (ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டுதான் ஒரு மைக்ரோ செகண்ட்.) எட்டு மெஷினுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒரு சுற்றுக்கு ஆளுக்கு 20 மைக்ரோ செகண்ட் கணக்குதான். சூப்பர். ஆனால் சுற்றுக்கு நாலு மெசேஜ்: இடப்பக்கம் வெப்பம், இடப்பக்கம் அழுத்தம், வலப்பக்கம் வெப்பம், வலப்பக்கம் அழுத்தம். மெசேஜுக்கு 40 மைக்ரோ செகண்ட் வீதம் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் 160. ஆக 20-ம் 160-ம் 180. அதை 30 லட்சத்தால் பெருக்குங்கள். 540 விநாடி. கரெக்டா ஒன்பது நிமிஷம்!

கோடிங்கில் சொதப்பல் இல்லை. கேபிளும் பழுதில்லை. அந்த '40' தான் வில்லன்.

லாரியும் பைக்கும்

நெட்வொர்க் வாங்கப் போனால் கடைக்காரர் சொல்லும் எண் வேறு. 'ஜிகாபிட் சார்... விநாடிக்கு நூறு கோடி பிட்!' அது அகலம். பேண்ட்வித். லாரியில் எத்தனை மூட்டை ஏறும் என்பது மாதிரி. நமக்கு வேண்டியது, ஒரே ஒரு கறிவேப்பிலைக் கொத்து கொடுத்தனுப்பினால் எப்போ வந்து சேரும் என்பது. பத்து டன் லாரி ஓசூரிலிருந்து ராத்திரி கிளம்பி விடியற்காலையில் கோயம்பேடு வந்து சேர்கிறது என்றால், அதில் போகிற கறிவேப்பிலைக் கொத்தும் அதே விடியற்காலையில்தான் வரும். லாரியை இருபது டன் ஆக்கினாலும் அதே விடியற்காலைதான். இந்தக் காத்திருப்பு நேரத்துக்குப் பேர்தான் லேட்டன்சி. சின்னச் சின்ன மெசேஜாக அனுப்புகிற புரோகிராமுக்கு அகலம் பிரயோஜனமில்லை.

லேட்டன்சியை எப்படி அளப்பது? மணி பார்த்து அனுப்பு, அங்கே மணி பார்த்து வாங்கு, கழித்துப் பார்... ரொம்ப ஈஸி என்று தோணுதா? நடக்காது பாஸ். இரண்டு மெஷின்களின் கடிகாரமும் மைக்ரோ செகண்ட் சுத்தமாக ஒத்துப்போகாது. போன மெசேஜ், கிளம்பும் முன்பே வந்து சேர்ந்துவிட்டதாகக்கூட விடை வரும்! அதனால் பிங்-பாங் ஆட்டம். முதல் மெஷின் எட்டு பைட் மெசேஜை அனுப்பும். இரண்டாவது மெஷின் வாங்கிய அடுத்த கணமே திருப்பி அனுப்பும். முதல் மெஷின் தன் கடிகாரத்தில் மட்டும் மணி பார்த்து, போய்வந்த நேரத்தைப் பாதியாக்கும். இதையே ஆயிரக்கணக்கான தடவை.

இதற்கு நீங்கள் கோடு எழுதினால் முப்பது வரிதான் வரும். எழுத சோம்பேறித்தனமா? அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஓ.எஸ்.யூ. மைக்ரோ பெஞ்ச்மார்க்ஸ்' தொகுப்பில் ரெடிமேடாகவே இருக்கிறது. ஆனாலும் முதல் தடவை நீங்களே எழுதுங்கள் என்பது என் சிபாரிசு. முப்பது வரியில் கிடைக்கிற ஞானம் மூணு சேப்டரில் கிடைக்காது.

40-ல் கேபிள் எவ்வளவு தின்னது?

பேப்பர் பேனா எடுங்க. எட்டு பைட் மெசேஜுக்கு முகவரி, வரிசை எண், உறை எல்லாம் ஒட்டிய பிறகு 125 பைட் ஆகிறது என்று வைப்போம். அதாவது 1000 பிட். ஜிகாபிட் கேபிளில் அதை ஏற்ற 1 மைக்ரோ செகண்ட். ஸ்விட்ச் அதை முழுசாக வாங்கி மறுபடி ஏற்றும். இன்னொரு 1. கேபிளுக்குள் சிக்னல் நானோ செகண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் ஓடும். உங்கள் 5 மீட்டர் கேபிளைக் கடக்க 25 நானோ செகண்ட். அதெல்லாம் சில்லறை, விட்டுத்தள்ளுங்கள். ஸ்விட்ச் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்தாலும் சில மைக்ரோ செகண்ட்தான்.

அப்போ மிச்சம் முப்பத்துச் சொச்சம் எங்கே போச்சு?

இரண்டு மெஷினுக்கும் உள்ளேயேதான்! உங்கள் புரோகிராம் மெசேஜை நேராக கார்டில் போட முடியாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலைக் கூப்பிடணும். அது மெசேஜைத் தன் மெமரிக்குள் ஒரு காப்பி எடுக்கும். டி.சி.பி. வந்து எண் போடும், சரிபார்க்கும். அப்புறம் டிரைவர், அப்புறம் கார்டு. அந்தப் பக்கம் இதே கதை தலைகீழாக. கார்டு, கெர்னல், டி.சி.பி., இன்னொரு காப்பி. கடைசியில், மெசேஜுக்காகக் காத்திருந்து தூங்கிப்போன புரோகிராமை எழுப்பணும். ரொம்ப நேரம் சும்மா இருந்தால் பிராசஸரே கரன்ட் மிச்சம் பண்ண ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிருக்கும். அது கண்ணைக் கசக்கிட்டு எழுந்திருக்கவே பல மைக்ரோ செகண்ட் ஆகும்.

இதில் எனக்குப் பிடித்த வில்லன் நெட்வொர்க் கார்டின் 'ஷேர் ஆட்டோ' புத்தி. ஒவ்வொரு பொட்டலம் வரும்போதும் பிராசஸரைத் தட்டி எழுப்பினால் பிராசஸர் அலுத்துப்போகும் என்பதால், நாலைந்து சேரட்டும் என்று கார்டு கொஞ்சம் காத்திருக்கும். இதற்கு 'இன்டரப்ட் கோலெசிங்' என்று பெயர். சினிமா டவுன்லோடு பண்ணும்போது இது நல்ல யோசனை. ஆட்டோ உடனே நிரம்பிடும். ஆனால் பிங்-பாங்கில் பயணி ஒரே ஒருத்தர்! அவர் திரும்பிப் போனால்தான் அடுத்தவர் வருவார். டிரைவரோ 'இன்னும் ரெண்டு பேர் வரட்டும் சார்' என்று இன்ஜினை உறுமவிட்டபடி நிற்கிறார். லினக்ஸில் 'ஈத்-டூல்' என்ற கட்டளையால் இந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். ஒரே வரி. பைசா செலவில்லை. மாற்றுவதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை பிங்-பாங் ஓட்டிப் பாருங்கள், பல கார்டுகளில் வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

இதே ஷேர் ஆட்டோ புத்தி அனுப்புகிற பக்கமும் உண்டு. 1984-ல் ஜான் நேகிள் என்பவர் சொன்ன யோசனை: முந்தைய பொட்டலத்துக்கு ரசீது வராதவரை, சின்னப் பொட்டலங்களை அனுப்பாமல் சேர்த்து வை. வாங்குகிற பக்கம் டி.சி.பி.க்கு இன்னொரு பழக்கம். ரசீதைத் தனியாக அனுப்பாமல், பதில் ஏதாவது போனால் அதோடு சேர்த்து அனுப்பலாம் என்று கொஞ்சம் பொறுக்கும். தனித்தனியா ரெண்டுமே நியாயம்தான். ஒன்றாகச் சேர்ந்தால்? 'நீ ரசீது குடு, அனுப்புறேன்', 'நீ அனுப்பு, ரசீது குடுக்குறேன்' என்று வாசலில் நின்று 'முதல்ல நீங்க, இல்ல முதல்ல நீங்க' கதைதான். லினக்ஸில் இந்த மரியாதை நாடகம் 40 மில்லி செகண்ட் வரை போகும். மைக்ரோ இல்லீங்க, மில்லி! நம்ம வில்லனைவிட ஆயிரம் மடங்கு. எம்.பி.ஐ. நூலகங்கள் தாங்களாகவே நேகிளை அணைத்துவிடும். ஆனால் 'நாங்க சொந்தமா சாக்கெட் புரோகிராம் எழுதியிருக்கோம்' என்று மார்தட்டும் டீம்கள், 'டி.சி.பி. நோ-டிலே' என்ற ஆப்ஷனைப் போட்டோமா என்று ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது. அளந்த எண் நாற்பது மில்லி செகண்ட் பக்கத்தில் வந்து நின்றால், குற்றவாளி யாரென்று விசாரணையே வேண்டாம்.

கார்டையும் கெர்னலையும் தொடாமலே இன்னொரு வழி இருக்கு. இடப்பக்கத்துக்கு வெப்பம் ஒரு மெசேஜ், அழுத்தம் ஒரு மெசேஜ் என்று ஏன் தனித்தனியாக அனுப்பணும்? ஒரே உறையில் போடுங்கள். நாலு மெசேஜ் இரண்டாகிறது. 20-ம் 80-ம் சேர்த்து நூறு. 30 லட்சம் சுற்றுக்கு 300 விநாடி. ஒன்பது நிமிஷம் ஐந்து நிமிஷம் ஆயிடுச்சு! ஷேர் ஆட்டோவைச் சரிபண்ணி 40-ஐ 25-க்கு இறக்கினால் சுற்றுக்கு 70, மொத்தம் மூன்றரை நிமிஷம். இடப்பக்க மெசேஜ் போய்க்கொண்டிருக்கும்போதே வலப்பக்க மெசேஜையும் கிளப்பிவிட்டு, நடுவில் ஓரம் சாராத கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தால் இன்னும் குறையும். ஸ்பான்சர் தேடி அலையாமலேயே!

காசு இருந்தால்? கெர்னலையே சுற்றிக்கொண்டு போய்விடலாம். புரோகிராம் நேராக கார்டிடம் பேசும், கார்டு நேராக எதிர்மெஷினின் மெமரியில் எழுதும். 1995-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 'யூ-நெட்' என்ற பெயரில் இதைச் செய்து காட்டினார்கள். (அந்தக் கட்டுரையை எழுதிய நால்வரில் ஒருவர் வெர்னர் வோகல்ஸ். 2005-ல் அமேசானின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆனவர். லேட்டன்சி படிச்சா வேலை கிடைக்குமானு கேட்டவங்களுக்காக!) இதே யோசனைதான் பின்னால் இன்ஃபினிபேண்ட் என்ற நெட்வொர்க்காக வந்து, இப்போது சின்ன மெசேஜை ஒன்றிரண்டு மைக்ரோ செகண்டில் கொண்டுசேர்க்கிறது. 40 இருந்த இடத்தில் 2 போட்டுப் பாருங்கள். 20-ம் 8-ம் 28. மொத்தம் 84 விநாடி!

கார்டு மட்டும் இருந்தால் போதாது, அதை ஓட்டத் தெரிந்த எம்.பி.ஐ. வேண்டும். அந்த வேலையைச் செய்தது மேலே சொன்ன ஒஹாயோ ஸ்டேட் குழுதான். தலைவர் தபலேஸ்வர் பாண்டா. ஐ.ஐ.டி. கான்பூரிலும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யிலும் படித்தவர். அவர்களின் 'எம்வாபிச்' மென்பொருள் 2002-ல் வெளிவந்தது. 2003-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1,100 ஆப்பிள் பவர் மேக் ஜி-5 கம்ப்யூட்டர்களை இன்ஃபினிபேண்டால் இணைத்து 'சிஸ்டம் எக்ஸ்' கட்டியபோது, மெசேஜ் வேலைக்கு எம்வாபிச்தான். பெட்டியைப் பிரித்து அடுக்கியவர்கள் பெரும்பாலும் ஸ்டூடன்ட்ஸ். கூலி பீட்சா! அந்த நவம்பரில் உலகப் பட்டியலில் மூன்றாவது இடம்.

பிங்-பாங்கும் பொய் சொல்லும்

கையில் எண் கிடைத்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். 0.4 மைக்ரோ செகண்ட் என்று வந்தால், இரண்டு புரோகிராமும் ஒரே மெஷினில் ஓடியிருக்கின்றன என்று அர்த்தம். நெட்வொர்க் பக்கமே போகாமல் மெமரி வழியாகப் பேசிக்கொண்டவை அவை. முதல் சில மெசேஜ்களில் இணைப்பு ஏற்படும் செலவும் சேர்ந்து வரும், அதைக் கழித்துவிடணும். மெசேஜ் அளவை ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் கோடு திடீரென்று ஒரு படி ஏறும். பயப்படாதீங்க. சின்ன லெட்டர் என்றால் எம்.பி.ஐ. கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விடும். பெரிய பார்சல் என்றால் 'வீட்டுல இருக்கீங்களா, வைக்க இடம் இருக்கா?' என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பும். அந்தக் கேள்வி-பதிலுக்கான நேரம்தான் அந்தப் படி.

இன்னொரு பொய்யன், சராசரி. ஆயிரம் மெசேஜில் 999 வேகமாகப் போய், ஒன்று மட்டும் ரொம்ப லேட்டானால் சராசரியில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் கிளஸ்டரில் எல்லோரும் கடைசி ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். லேட்டான அந்த ஒருத்தர்தான் எல்லோருடைய நேரத்தையும் முடிவு செய்கிறார். இதை உலகத்துக்குப் புரியவைத்தது ஒரு துப்பறியும் கதை. நிஜக் கதை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லாஸ் அலமோஸ் ஆய்வகம். அணு ஆயுதங்களை வெடித்துப் பார்க்காமலே கம்ப்யூட்டரில் பரிசோதிக்க அங்கே நிறுவிய ராட்சச மெஷின் 'ஆஸ்கி-கியூ'. 2003-ல் உலகத்தின் இரண்டாவது வேகமான கம்ப்யூட்டர். 2,048 மெஷின், மெஷினுக்கு நாலு பிராசஸர், ஆக 8,192. உச்ச வேகம் விநாடிக்கு 20 லட்சம் கோடி கணக்கு. ஆனால் 'சேஜ்' என்ற முக்கியமான புரோகிராமை ஓட்டியபோது, எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. பாதி மெஷின் காணாமல் போன மாதிரி!

ஃபேப்ரிசியோ பெட்ரினி, டேரன் கெர்பைசன், ஸ்காட் பேக்கின் என்ற மூன்று பேர் இறங்கினார்கள். இவர்களிடம் ஒரு நல்ல ஆயுதம் இருந்தது. 'இந்த புரோகிராம் இந்த மெஷினில் இவ்வளவு நேரம்தான் எடுக்கணும்' என்று காகிதத்தில் முன்கூட்டியே கணக்கு வைத்திருந்தார்கள். அது இல்லாவிட்டால், மெஷின் பாதி வேகத்தில் ஓடுகிறது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

முதல் தடயம் விநோதம். மெஷினுக்கு நாலு பிராசஸர் இருந்தும் மூன்றை மட்டும் பயன்படுத்தினால், பெரிய அளவில் புரோகிராம் இன்னும் வேகமாக ஓடியது! இரண்டாவது தடயம்: 4,096 பிராசஸரில் ஓடும்போது பாதி நேரம் 'ஆல்-ரெட்யூஸ்' என்ற வேலையில் போனது. எல்லோரும் ஆளுக்கு ஓர் எண் சொல்லி, கூட்டுத்தொகை எல்லோருக்கும் திரும்பி வரும் வேலை அது. சரி, அதை வேகப்படுத்தலாம் என்று ஏழு மடங்கு வேகமாக்கினார்கள். சேஜ் அசையவே இல்லை. மெசேஜ் அனுப்பும் மென்பொருளில் குற்றம் இல்லையென்றால் யாரிடம்?

ஒவ்வொரு பிராசஸரையும் தனியாகச் சோதித்தார்கள். வேறு வேலைகளால் பறிபோகும் நேரம் ஒன்றிரண்டு சதவீதம்தான். 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று விடத் தோன்றும் அளவு. ஆனால் அங்கேதான் விடை இருந்தது.

உங்கள் புராஜெக்ட் டீமில் பத்து பேர் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் மணிக்கு ஆறு நிமிஷம் டீ குடிக்கப் போகிறார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு நேரத்தில். எல்லோரும் இருந்தால்தான் வேலை நகரும். முதல் ஆள் வந்ததும் இரண்டாவது ஆள் எழுந்து போகிறார், அவர் வந்ததும் மூன்றாவது ஆள்... பத்து பேருக்கும் ஆறு நிமிஷம் வீதம் ஒரு மணி நேரம் காலி! தனித்தனியாகக் கேட்டால், 'நான் பத்து சதவீதம்தான் சார் வெளியே போனேன்' என்று எல்லோரும் சத்தியம் பண்ணுவார்கள். உண்மையும்கூட. எல்லோரும் ஒரே நேரத்தில் டீ குடித்திருந்தால் ஆறே நிமிஷம்தான் நஷ்டம்.

ஆஸ்கி-கியூவில் நடந்தது இதுதான். 32 மெஷின் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் சில குறிப்பிட்ட மெஷின்கள் மேஸ்திரி வேலையும் பார்த்தன. எல்லா மெஷின்களிலும் பின்னணியில் குட்டிக் குட்டி சேவைகள். அவ்வப்போது எழுந்து, ஏதோ பார்த்துவிட்டு, மறுபடி தூங்கும். அவற்றில் ஒன்று என்ன தெரியுமா? பிரின்டருக்கு வேலை அனுப்பும் சேவை! அணு ஆயுத ஆய்வு செய்யும் சூப்பர் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு மெஷினும், பிரின்ட் எடுக்க யாராவது வருகிறார்களா என்று அக்கறையாகக் கவனித்துக்கொண்டிருந்தது. நாலு பிராசஸரில் ஒன்றை சும்மா விட்டபோது வேகம் கூடியதற்கும் இதுதான் காரணம். எடுபிடி வேலையை அந்த நாலாவது ஆள் பார்த்துக்கொண்டார்.

வைத்தியமும் எளிமையானது. தேவையில்லாத பத்து சேவைகளை நிறுத்தினார்கள். கண்காணிப்பு வேலையின் அடிக்கடி எழும் பழக்கத்தைக் குறைத்தார்கள். மேஸ்திரி வேலைகளை ஒரே மெஷினுக்கு மாற்றினார்கள். புது வன்பொருள் ஒன்றும் வாங்கவில்லை. சேஜ் புரோகிராமில் ஒரு வரியும் மாற்றவில்லை. வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு! இதை அவர்கள் 2003-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'காணாமல் போன சூப்பர் கம்ப்யூட்டர் வேகம்' என்ற தோரணையில், துப்பறியும் நாவல் மாதிரிதான் இருக்கும். தேடிப் படிங்க. செமஸ்டர் புத்தகம் மாதிரி தூக்கம் வராது, கியாரண்டி.

இதெல்லாம் அமெரிக்காவில்தான் என்று ஒதுக்கிவிட வேண்டாம். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிய 'பரம் பொருள்' கிளஸ்டரின் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். ஆஸ்கி-கியூவைப் போல நாற்பது மடங்கு! பெயரைக் கவனிச்சீங்களா? தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் சி-டாக் கட்டிய 'பரம்' வரிசையில் அதுவும் ஒன்று. அங்கேயும் எம்.பி.ஐ.தான், அங்கேயும் மெசேஜ்தான், அங்கேயும் கடைசியாக வருகிற ஆளுக்காகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள்.

உங்க லேப் மூலைக்கு வருவோம். இரண்டு மெஷின் போதும். பிங்-பாங்கை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சராசரி எடுக்காமல், ஒவ்வொரு மெசேஜின் நேரத்தையும் ஃபைலில் எழுதி கிராஃப் போடுங்கள். அடியில் புல்தரை மாதிரி ஒரே மட்டமாக ஒரு கோடு வரும். நடுவில் அங்கங்கே பனைமரம் மாதிரி சில எண்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். புல்லை விடுங்கள். பனைமரங்களுக்கு நடுவில் எத்தனை விநாடி இடைவெளி என்று எண்ணுங்கள். சரியாக 60 விநாடிக்கு ஒன்று என்றால், முதலில் இரண்டு மெஷினிலும் க்ரான் பட்டியலைத் திறந்து பாருங்கள். அப்படியே பிரின்டர் சேவை ஓடுதானும் ஒரு கண்ணு பார்த்துடுங்க!